குதிரைக் கொட்டகை கட்டும் முன்

ராஜஸ்தானின் மேற்குப் பகுதிக்கு மார்வாட் என்று பெயர். மழை குறைந்த பூமி. மணல் நிறைந்த பூமி. அங்கே உள்ள குதிரைக்கு மார்வாடிக் குதிரை என்று பெயர். காதைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். இரண்டு காதுகளும் உள்பக்கம் வளைந்திருக்கும். நுனியும் நுனியும் தொடும்.

ஒரு காலத்தில் அரசர்கள் வளர்த்த குதிரை அது. இன்று சிறு விவசாயிகளும் வளர்க்கிறார்கள். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை பெண்குதிரை மேல் ஏறி வருவது அங்கே வழக்கம். அதற்கு வாடகை கிடைக்கும். குட்டி பிறந்தால் சந்தையில் விற்கலாம். லூனி ஆற்றுப் படுகையில் திலவாடா என்ற ஊர் இருக்கிறது. மார்ச், ஏப்ரல் வாக்கில் அங்கே பெரிய கால்நடைச் சந்தை கூடும்.

ஆனால் நாடு முழுவதும் குதிரைகள் குறைந்து வருகின்றன. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் மட்டக்குதிரைகளையும் சேர்த்துச் சுமார் 6 லட்சத்து 25 ஆயிரம் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம்தான்.

மார்வாட்டில் ஒரு சிறு விவசாயக் குடும்பம். பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள். அவர்களிடம் மூன்று பெண்குதிரைகள் இருந்தன. இப்போது இரண்டுதான். மூன்றாவது குதிரை வயிற்று வலியில் இறந்துவிட்டது. இரவு முழுவதும் கீழே விழுந்து உருண்டது. விடிவதற்குள் உயிர் போய்விட்டது. அதன் வயிற்றில் மணல் சேர்ந்திருந்தது என்று கால்நடை மருத்துவர் சொன்னார்.

மணல் எப்படி வயிற்றுக்குள் போனது? அந்தக் குதிரைக்குத் தீனியைத் தரையில் கொட்டுவார்கள். கம்பந்தட்டையைக் கடிக்கும்போது மணலும் வாய்க்குள் போகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலில் தங்கும். மனிதன் வாந்தி எடுப்பான். நாய் வாந்தி எடுக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

புதுக் கொட்டகை கட்டுவது என்று வீட்டில் முடிவு செய்தார்கள்.

எங்கே கட்டுவது?

வயலின் கோடியில் கட்டலாம் என்றார் பெரியவர். அங்கே இடம் நிறைய இருக்கிறது. மருமகளுக்கு அது பிடிக்கவில்லை. அந்த வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேரே பேசும் வழக்கம் இல்லை. அவள் மாமியாரிடம் சொன்னாள்.

“அம்மா, தண்ணீர் சுமப்பது நான்தானே? கோடையில் ஒரு குதிரை 40 லிட்டர் குடிக்கிறது. இரண்டுக்கும் 80 லிட்டர். குடத்தில் 10 லிட்டர் பிடிக்கும். ஆக, 8 நடை. டாங்காவிலிருந்து வயல் கோடிக்கு 120 எட்டு. போய் வர 240. எட்டு நடைக்கு 1,920 எட்டு. வேப்ப மரத்துப் பக்கம் கட்டினால் 30 எட்டுதான். மொத்தம் 480 எட்டில் முடிந்துவிடும்.”

டாங்கா என்பது மழை நீரைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி. மார்வாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும். மருமகள் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் கணக்கை எழுதிக் காட்டினாள். மாமியார் அதைப் பெரியவரிடம் கொடுத்தார். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு வேப்ப மரத்துப் பக்கம் போய் நின்றார்.

கொட்டகை எங்கே இருக்க வேண்டும் என்று அதில் வேலை செய்கிறவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். பல வீடுகளில் கேட்பதில்லை.

வெயிலும் காற்றும்

மாடு போலத்தான் குதிரையும், நாலு சுவருக்குள் கட்டிப்போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குதிரைக்குக் காற்று வேண்டும். மூடிய அறையில் மூத்திர வாடை தேங்கி நுரையீரலைக் கெடுக்கும். காலையில் லாயத்துக்குள் போய் முழங்கால் உயரத்துக்குக் குனிந்து மோந்து பாருங்கள். கண் எரிந்தால் அந்த லாயத்தில் காற்றோட்டம் போதாது. குதிரை படுத்திருக்கும்போது அதன் மூக்கு அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

மார்வாட்டில் மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து அனல்காற்று வீசும். அதை லூ என்பார்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாடை வரும். ஆகவே மேற்கிலும் வடக்கிலும் சுவர். வடக்குச் சுவரின் மேல் 2 அடி இடைவெளி. சூடான காற்று அதன் வழியே வெளியே போகும். கிழக்கே மார்பளவுக்குக் கட்டை. தெற்குப் பக்கம் முற்றத்தை நோக்கித் திறப்பு.

தெற்கு ஏன்? மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும். அப்போது இளவெயில் கொட்டகைக்குள் வரும். குதிரைக்குக் கதகதப்பு. கோடை நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். அப்போது கூரை நிழல் தரும். கூரையை முன்பக்கம் 3 அடி நீட்டினால் மழைச்சாரலும் குறையும். ஒரே திறப்பு, இரண்டு பருவத்துக்கும் உதவுகிறது.

தகரக் கூரை சீக்கிரம் சூடேறும். தட்டைக் கூரை நல்லது. ஆனால் தாழ்வாக இருந்தால் குதிரை அதையே பிடுங்கித் தின்னும். கூரையின் விளிம்பு 10 அடி உயரத்தில் இருக்க வேண்டும்.

ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி இடம். இரண்டுக்கும் 24 அடி நீளம், 12 அடி அகலம். நடுவில் சுவர் வைக்க வேண்டாம். கழற்றி மாட்டும் கட்டைகள் போதும். குதிரை சினைப்பட்டு ஏறக்குறைய 11 மாதத்தில் குட்டி போடும். அந்த நேரத்தில் இன்னொரு குதிரையை வேறு இடத்தில் கட்டிவிட்டு, நடுக்கட்டைகளைக் கழற்றலாம். தாய்க்கும் குட்டிக்கும் தாராளமாக இடம் கிடைக்கும்.

தரை

தரையை ஓர் அடி உயர்த்த வேண்டும். பாலைவனத்தில் எங்கே வெள்ளம் வரப் போகிறது என்று கேட்காதீர்கள். 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் வெள்ளம் வந்தது. கவாஸ் என்ற ஊர் தண்ணீரில் மூழ்கியது. ஏராளமான கால்நடைகள் செத்தன.

வழவழப்பான சிமெண்டுத் தரையில் குளம்பு வழுக்கும். மண்ணைப் போட்டுத் திமிசால் இடிப்பது நல்லது. 12 அடிக்கு 3 அங்குலம் சரிவு இருந்தால் மூத்திரம் வடிந்துவிடும். தீனித் தொட்டியும் அதன் முன்னால் 4 அடி தூரமும் மட்டும் கல் பதிக்க வேண்டும். ஜோத்பூர்ப் பக்கம் கல் பலகைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. சிந்தும் தீனி கல் மேல் விழும். மணலில் விழாது. தினமும் அந்தக் கல்லைக் கூட்ட வேண்டும். மூன்றாவது குதிரை இறந்ததற்கு இந்தக் கல் இல்லாததுதான் காரணம்.

வயிற்றில் மணல் சேருகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் படாத லத்தியைக் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

லத்திக் குழியை டாங்காவுக்குத் தண்ணீர் வரும் மேட்டுப் பக்கத்தில் வெட்டக் கூடாது. ஒரு குதிரை நாளுக்கு ஏறக்குறைய 20 கிலோ லத்தி போடும். இரண்டுக்கும் மாதம் 1,200 கிலோ. ஈக்களுக்கு அது விருந்து. வயலுக்கோ நல்ல எரு. இரண்டு குழி வெட்டி, ஒன்று நிரம்பியதும் மண் போட்டு மூடி, அடுத்ததைப் பயன்படுத்தலாம்.

முற்றம்

நாள் முழுவதும் கட்டியே வைத்தால் குதிரை கெட்டுவிடும். நடக்க வேண்டும், உருள வேண்டும். முள்கம்பி மட்டும் வேண்டாம். குதிரை மிரண்டு பாயும்போது கம்பி தோலைக் கிழித்துவிடும். ஆணி, கம்பி, முள் குத்திய காயத்தில் ரணஜன்னி வரும். இந்த நோய் மற்றக் கால்நடைகளைவிடக் குதிரையை எளிதில் தாக்கும். தடுப்பூசி இருக்கிறது. போட்டுவிட வேண்டும்.

முற்றத்து ஓரத்தில் அரளி இருந்தது. ஆடு தின்னாது என்று பெரியவர் வைத்த செடி. குதிரைக்கு அது கொடிய விஷம். காய்ந்த இலையும் விஷம். மகன் வேரோடு தோண்டி எடுத்தான். ஆமணக்கு விதையும் அப்படித்தான்.

வெளிக்குதிரை வந்தால் மூன்று வாரமாவது தள்ளிக் கட்ட வேண்டும். அதற்குத் தனி வாளி வேண்டும். கிளாண்டர்ஸ் என்ற நோய் பொதுத் தண்ணீர்த் தொட்டி வழியே பரவும். மனிதருக்கும் தொற்றும். 2009 சட்டப்படி இதை மறைக்கக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். ஹிசாரில் இதற்கென்று தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முற்றத்தின் மறுகோடியில் வன்னி மரம் நின்றது. புதுக் குதிரைக்கு அந்த நிழல் என்று முடிவாயிற்று.

கடைசியாக வேலி. முற்றம் 60 அடி நீளம், 40 அடி அகலம். சுற்றிலும் 200 அடி. வாசலுக்கு 12 அடி போக, மீதி 188 அடி. கல் பலகை ஒன்றின் அகலம் 2 அடி. எத்தனை பலகை வேண்டும்?

“94” என்று எழுதினாள் மருமகள்.

“100 என்று போடச் சொல்” என்றார் பெரியவர், மனைவியிடம். “வண்டியில் வரும்போது நாலைந்து உடையும்.”