ஏரிக்கரையில் ஒரு சர்வர்

ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக் என்று ஒரு மீனவக் குடும்பத்தின் மொத்த விவரமும் ஸ்கேன் ஆகி ஒரே ஃபோல்டரில் கிடக்கும் காலம் இது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, கோப்புப் பகிர்வு மென்பொருளான சாம்பாவை ஓடவிட்டால் அந்த ஃபோல்டரை அலுவலகத்தின் எல்லா மேசையிலிருந்தும் திறக்கலாம். காசும் கிடையாது. ஆனால் கூடவே சில நம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

நம்பிக்கை: "பழவேற்காட்டுல இருக்கற கம்ப்யூட்டரை எவன் ஹேக் பண்ணப்போறான்?"

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் ஆள் பார்த்து வரவில்லை. விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி 1-இல் ஓர் ஓட்டை. 445-ஆம் போர்ட் திறந்து, அந்த ஓட்டை அடைக்கப்படாமல் இருந்த இடமெல்லாம் அதன் வழியாகத் தானே நுழைந்தது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி இருக்கும் ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகள் முடங்கின. கேரளத்து வயநாட்டில் பஞ்சாயத்து அலுவலகமும் தப்பவில்லை. மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது.

"நம்மது லினக்ஸ்தானே" என்பவருக்கு: அதே மே 24 அன்று சாம்பாவின் ஓட்டையும் அம்பலமானது. 2010-இல் வந்த 3.5 பதிப்பிலிருந்தே இருந்த ஓட்டை. எழுதும் அனுமதியுள்ள ஃபோல்டர் ஒன்று கிடைத்தால் போதும், வெளியாள் தன் நிரலைச் சர்வரிலேயே ஓட்டிவிட முடிந்தது. கடவுச்சொல் இல்லாத 'கெஸ்ட்' ஃபோல்டர் எவ்வளவு வசதி பாருங்கள்!

நம்பிக்கை: "நெட்வொர்க்குல சர்வர் தெரியலையா? எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணு."

இந்த யோசனையைச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. வான்னாக்ரை நுழைந்த வாசலே அதுதான். சாம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பில் அதை இயல்பாகவே அணைத்துவிட்டது. பட்டியலில் பெயர் தெரியாவிட்டாலும் சர்வர் அங்கேதான் இருக்கும். முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐபி எண்ணைத் தட்டினால் திறக்கும்.

நம்பிக்கை: "சாம்பா கோப்புல அனுமதி எழுதிட்டேன், முடிஞ்சுது."

கோட்டைக்குப்பத்தில், மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை அறிந்தவருக்கு இது எளிதில் புரியும். பாட்டுக்குப் பாத்தியதை இருந்தால் மட்டும் வலை கட்டிவிட முடியாது, முறையும் வரவேண்டும். அதுபோல, சாம்பா சரி என்றாலும் லினக்ஸின் ஃபோல்டர் உரிமை மறுத்தால் கதவு திறக்காது. கோபத்தில் சிலர் எல்லாருக்கும் முழு உரிமை தரும் 777 கொடுத்துவிடுகிறார்கள்; அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் பிறகு அந்த ஃபோல்டரில் எதையும் மாற்றலாம். அந்த ஃபோல்டருக்கு ஒரு குழு அமைத்து, அதற்கு மட்டும் உரிமை கொடுத்தால் தீர்ந்தது. சாம்பாவின் கடவுச்சொல் தனி. smbpasswd கட்டளையால் வைக்கவேண்டும். சாம்பாவின் அமைப்புக் கோப்பைத் திருத்தியதும் டெஸ்ட்பார்ம் ஓட்டினால் எழுத்துப்பிழை தெரிந்துவிடும்.

நம்பிக்கை: "சர்வர்ல இருக்கு, பத்திரம்."

நெட்வொர்க் வழியாக அழித்த கோப்பு விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. சாம்பாவின் ரீசைக்கிள் மாட்யூலை நாமே சேர்க்கவேண்டும். அழித்தவை சேர்வதும் அதே டிஸ்கில்தான். உப்புக்காற்றும் புயலும் உள்ள கரையில் இன்னொரு நகல் கரையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் பொன்னேரியிலாவது இருக்கட்டும்.