கவாத்துக் கத்திக்கு எந்தச் சாணை?

கல்சக்கர மெஷினில் கவாத்துக் கத்தியைத் தீட்டினேன். வாய் நீலம் பாய்ஞ்சுது. நாலு கொய்யாக் கிளை வெட்டுறதுக்குள்ள மழுங்கிப் போச்சு. நீலம் என்றால் சூடு சுமார் 300 டிகிரி. பட்டறையில் ஏற்றிய பதம் இறங்கிவிட்டது.

இப்போது பெல்ட் கிரைண்டர் வைத்திருக்கிறேன். இதிலும் சூடு ஏறும். அதனால் வேகத்தைக் குறைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்க. கத்தி செய்வோரின் 72 அங்குல பெல்ட் நமக்கு வேண்டாம். தீட்ட மட்டும் 1 அங்குல அகலம், 30 அங்குல நீளம் போதும்.

வாய் உடைந்திருந்தால் 120 நம்பர் பெல்ட், வழக்கமான கூருக்கு 400. அழுத்தாமல் இழுத்து, அடிக்கடி தண்ணீரில் முக்குங்க. கடைசியில் தோல்வாரில் தேய்த்துப் பிசிறு எடுக்கணும். கருக்கரிவாளை மட்டும் வைக்காதீங்க, பல் போயிடும். கண்ணாடி, முகமூடி அவசியம். பக்கத்தில் வைக்கோல் கூடாது.

மழுங்கிய கத்தி பட்டையைக் கிழிக்கும், கிழிசலில் நோய் நுழையும். ரசாயன மருந்து அடிக்காத நமக்குச் சுத்தமான வெட்டுதான் முதல் காப்பு.