இரண்டு கோடுகள்



உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பங்குச் சந்தைக் கணிதத்தில் இறங்கப் போவதாகவும், அதற்கு உத்தமமான புத்தகங்கள் எவையென்றும் எழுதியிருக்கிறாய். முதல் விஷயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஹாமில்டன் 1994-இல் வெளியிட்ட காலத்தொடர் நூலை வாங்கிவிட்டாயாம். மகா கிரந்தம், குறைகூற எனக்கு யோக்கியதை இல்லை. ஆயினும் சேர்ந்து ஏறி இறங்குவதாலேயே உறவுள்ளவை போல் தோன்றும் போலித் தொடர்பைப் பற்றிய விசாரணை அதில் 18-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது என்பதையும், அவ்வளவு தூரம் நீ நடந்து முடிப்பதற்குள் கணினி கையிலும் சந்தை கண்ணெதிரிலும் இருக்கும் என்பதையும் நினைக்கையில் மனம் பதறுகிறது.

பங்குச் சந்தையில் நம் கிழக்குவெளி நிலம் போன கதை உனக்குத் தெரியும். அதற்கு முன் என் தம்பி என்னிடம் காட்டிய காகிதத்தை நீ பார்த்ததில்லை. தங்கத்தின் விலை ஒரு கோடு, அவன் வாங்க நினைத்த பங்கின் விலை ஒரு கோடு. ஆறு வருஷமாக இரண்டும் சேர்ந்தே ஏறியிருந்தன. இனியும் ஏறும் என்று சாதித்தான். வேண்டாமென்றேனே தவிர, ஏன் வேண்டாமென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் காரணத்தை யூல் என்பவர் 1926-லேயே அச்சிட்டிருந்தார்: 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தின் விவாகங்களில் ஆங்கிலத் திருச்சபையில் நடந்தவற்றின் விகிதத்துக்கும் மரண விகிதத்துக்கும் ஒட்டுறவு 0.95, மாதாகோயில் கல்யாணம் குறைந்ததால் சாவு குறைந்ததென்று எவரும் சொல்லார், காலம் செல்லச் செல்ல இரண்டும் இறங்கின, அவ்வளவே. கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-இல், காசு சுண்டி ஏற்றியிறக்கியவை போன்ற, ஒன்றுக்கொன்று சம்பந்தமேயில்லாத தொடர்களைக் கணினியில் உண்டாக்கிச் சோதித்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று தடவை வழக்கமான சோதனை சம்பந்தம் உண்டென்றே சாட்சி சொல்லிற்று. அந்தப் பத்துப் பக்க ஞானம் அன்று என்னிடம் இருந்திருக்கக் கூடாதா?

ஆகவே, புத்தகத்தைப் புரட்டும்போது சூத்திரங்களின் கனத்தைப் பாராதே. விலையையே எடுத்துக்கொண்டு ஓடுகிறதா, விலையின் அன்றாட மாற்றத்தை ஆராய்கிறதா என்று பார். ரூவே சேயின் நூல் இந்த மாற்ற விகிதத்தில்தான் ஆரம்பமாகிறது. கொந்தளிப்பான நாட்கள் கூட்டமாய் வருவதை எங்கிள் 1982-இல் காட்டிய மார்க்கத்தில் அளக்கிறது. 1987 அக்டோபர் 19-இல் அமெரிக்கச் சந்தை ஒரே நாளில் 22 சதவிகிதத்துக்கு மேல் சரிந்ததே, அத்தகைய கோர நஷ்டங்களைக் கணிக்கவே அதன் 7-ஆம் அதிகாரம் இருக்கிறது.

ஹாமில்டனோ சேயோ, எது முதலில் என்பது உன் இஷ்டம். எண்களை முதலில் படமாக வரைந்து பார் என்று வற்புறுத்தும் சாட்ஃபீல்டின் சிறு நூலைப் பென்சிலோடு படித்து முடித்த பிறகு என்பதே என் பிரார்த்தனை. அதுவரை ராஜினாமாக் கடிதம் மேஜைக்குள்ளேயே இருக்கட்டும்.

இவ்வளவு நீட்டியதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே, கண்ணே. எனக்கும் என் தம்பிக்கும் இல்லாத நிதானம் உனக்கு உண்டு; ஏழு வயதில் என் கூட்டலில் பிழை கண்டவன் நீ. சாட்ஃபீல்டும் சேயும் என் செலவில் வந்து சேரும். பெரியம்மா முறுக்குச் சுற்றி டின்னில் அடைத்து வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு அவசியம் வா. ராத்திரி வண்டியென்றால் முன்னதாக எழுது, நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன்.