சம்பளம் 2 லட்சம்னா, குழந்தைக்கு ஜீவனாம்சம் எவ்வளவு?

பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்த ஒரு ஐடி நண்பர், மறுநாள் காலையில் திருவண்ணாமலையில் இருக்கும் நம்ம ஆபீஸுக்கு வந்தார். விவாகரத்து வழக்கு நடக்குது. ஏழு வயசுப் பையன் அம்மாகிட்ட இருக்கான். "சார், புதுசா ஒரு ஹோம் லோன் போட்டு கையில் வர்ற சம்பளத்தைக் குறைச்சா, பையனுக்குக் கொடுக்கிறதும் குறையுமா?"

பெரும்பாலும் குறையாது. ஏன்னு பார்ப்போம்.

25% கட்டாயமா?
இல்லை. 2017-ல் கல்யாண் டே சௌத்ரி வழக்கில், நிகர சம்பளத்தில் 25% நியாயமானதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மனைவியோட ஜீவனாம்ச வழக்கு. அதிலேயே, கணவரோட நிகர சம்பளம் ரூ.95,527, மறுமணமாகி இன்னொரு குழந்தையும் இருந்ததால் ரூ.20,000 தான் நிர்ணயிச்சாங்க. குழந்தைக்குன்னு நிலையான சதவீதம் சட்டத்தில் கிடையாது. உச்சவரம்பும் கிடையாது, பழைய ரூ.500 வரம்பை 2001-லேயே நீக்கிட்டாங்க.

வருமானத்தை மறைக்க முடியுமா?
ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்புக்கு (2020) அப்புறம், ரெண்டு பேருமே சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமா கொடுக்கணும். வருமான வரியும் கட்டாய பி.எஃப். பிடித்தமும் கழியும். நீங்களா விரும்பிப் போட்ட லோன் இ.எம்.ஐ.யைப் பொதுவா கழிக்க மாட்டாங்க. இன்னொண்ணு: ஜீவனாம்சம் தீர்ப்பு தேதியிலிருந்து இல்லை, மனு போட்ட தேதியிலிருந்து. வழக்கை இழுத்தா பாக்கிதான் ஏறும்.

அப்போ எப்படிக் கணக்கு?
குழந்தையோட தேவை, இதுவரை வாழ்ந்த வசதி, பெற்றோர் இருவரின் வருமானம். பத்மஜா சர்மா வழக்கில் (2000) வேலை பார்க்கும் அப்பா, அம்மா ரெண்டு பேரும் 2:1 விகிதத்தில் செலவைப் பகிரணும்னு தீர்ப்பு.

ஒரு உதாரணம்:
- ஸ்கூல் ஃபீஸ், வேன்: ரூ.18,000
- சாப்பாடு, வாடகைப் பங்கு: ரூ.20,000
- மருத்துவம், மற்றவை: ரூ.7,000
- மொத்தம் மாசம்: ரூ.45,000

அப்பா சம்பளம் 2 லட்சம், அம்மாவுக்கு 1 லட்சம்னா, அப்பா பங்கு ரூ.30,000, அம்மா பங்கு ரூ.15,000. இது புரியறதுக்கான கணக்கு. நீதிமன்றம் கூட்டலாம், குறைக்கலாம்.

வரி?
கொடுக்கிற ஜீவனாம்சத்துக்கு வரிக்கழிவு கிடையாது. பழைய வரி முறையில் இருந்தா, நீங்க கட்டுற டியூஷன் ஃபீஸை மட்டும் ரூ.1.5 லட்சம் வரம்புக்குள் காட்டலாம்.

கடைசியா அந்த நண்பர்கிட்ட, "பையனோட ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு?"ன்னு கேட்டேன். அவருக்குத் தெரியலை. கணக்கை அங்கிருந்து ஆரம்பிங்கன்னு சொன்னேன். உங்களுக்கும் அதேதான்: முதல்ல செலவு லிஸ்ட், அப்புறம் வக்கீல். லோன் ஐடியா வேண்டவே வேண்டாம்.