குழுவாகக் கருத்தரங்குக்குப் போகிறீர்களா?

லண்டனில் 2012-இல் தொடங்கிய ‘மைண்ட் தி ப்ராடக்ட்’ போன்ற கருத்தரங்குகளுக்கு ப்ராடக்ட் மேனேஜர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போவதுண்டு. போனவர்கள் ஒரே வரிசையில் உட்கார வேண்டாம். பல அரங்குகள் என்றால் உரைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே மேடை என்றால் தள்ளித் தள்ளி அமருங்கள். பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சு வளரும்.

ஸ்லைடுகளைப் படம் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பல உரைகள் பின்னால் வீடியோவாக வந்துவிடும், காபி இடைவேளை வராது. வேறு நிறுவனத்துக்காரரிடம், “சமீபத்தில் எந்த வசதியைக் கைவிட்டீர்கள், ஏன்?” என்று கேளுங்கள். மேடையில் பெரும்பாலும் வெற்றிக் கதைதான்.

நோட்டில் இரண்டு கட்டம் போதும்: பேச்சாளர் சொன்னது, நம் ப்ராடக்டில் அது பொருந்தும் இடம். இரண்டாவது காலியா? உரை சுவையாக இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பிய மறுநாளே அரை மணி நேரம் கூடுங்கள். வாரம் கடந்தால் மதியச் சாப்பாடுதான் நினைவிருக்கும். ஆளுக்கு ஒரே ஒரு யோசனை. உதாரணமாக, வாரம் ஒருமுறையாவது வாடிக்கையாளரிடம் பேசுங்கள் என்று ப்ராடக்ட் துறைப் பயிற்சியாளர் தெரசா டோரஸ் வலியுறுத்துவதை எடுத்துக்கொண்டால், முதலில் பேசப்போவது யார், என்றைக்கு என்பதை அங்கேயே காலண்டரில் குறித்துவிடுங்கள்.