காற்று தூக்கும், அடக்காது

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷலின் ஆலை லாரிக்கும் பஸ்ஸுக்கும் ரேடியல் டயர் செய்கிறது. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வரை எந்தப் பஞ்சர் கடையில் நின்றாலும், காற்றுக் கணக்கு சொல்லித் தர ஆள் இருப்பார்கள். முன்னே இத்தனை பவுண்டு, பின்னே இத்தனை பவுண்டு என்று விரல்நுனியில் வைத்திருப்பார்கள். டயர் விஷயத்தில் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அதே கணக்கைப் பழைய டூரிங் பைக்கின் பின்பக்க ஏர் ஷாக் அப்சர்பருக்கும் நீட்டும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. “வண்டி பின்னாடி குதிக்குதா? காத்து இறங்கியிருக்கும், அடிச்சா சரியாயிடும்” என்ற நம்பிக்கை அப்படி வந்ததுதான். அது பாதி உண்மை. முழுப் பொய்யைவிட அதிகம் செலவு வைப்பது இந்தப் பாதி உண்மைதான்.

இந்த ஏற்பாடு எந்த வண்டிகளில் இருக்கிறது? ஹோண்டா 1980-ல் கோல்ட் விங் ஜிஎல் 1100-இல் காற்று உதவும் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. 1988-ல் வந்த ஜிஎல் 1500-இல், பொத்தானை அழுத்தினால் வண்டியிலுள்ள கம்ப்ரசரே பின்பக்கத்துக்குக் காற்று ஏற்றிவிடும். 2001-ன் ஜிஎல் 1800-இல் பின்பக்கக் காற்று போய்விட்டது. நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது ஹார்லி டேவிட்சன். அது இங்கே விற்பனையைத் தொடங்கியது 2010-ல். 2017 மாடலுக்கு முந்தைய அதன் டூரிங் வண்டிகள் பலவற்றில் பின்பக்கம் காற்றடிக்கும் ஷாக்தான் இருந்தது. அந்த வண்டிகளுக்கு இன்று பத்து வயதுக்கு மேலாகிறது. சீல் தளர்வதும் ஆயில் கசிவதும் இந்த வயதில் வருபவைதான்.

சஸ்பென்ஷனுக்கு இரண்டு வேலைகள் உண்டு. பாரத்தைத் தாங்குவது ஒன்று. தாங்கியபின் எழும் ஆட்டத்தை அடக்குவது இன்னொன்று. முதல் வேலை ஸ்பிரிங்குடையது. அது இரும்புச் சுருளாக இருக்கலாம், அடைத்துவைத்த காற்றாகவும் இருக்கலாம். இரண்டாவது வேலை ஆயிலுடையது. பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள் வழியே ஆயில் நெருக்கியடித்துப் போகும்போது, ஆட்டத்தின் சக்தி சூடாக மாறித் தீர்ந்துபோகிறது. காற்று அமுங்கும்போது வாங்கிய சக்தியை விரியும்போது பெரும்பாலும் திருப்பித் தந்துவிடும். ரப்பர் பந்தில் எவ்வளவு காற்று அடித்தாலும் அது குதிப்பதை நிறுத்தாதது இதனால்தான்.

“அப்படியானால் பஸ்ஸெல்லாம் காற்றில்தானே மிதக்கிறது?” என்று கேட்கலாம். ஏர் சஸ்பென்ஷன் பஸ் ஒன்று நிற்கும்போது அடியில் குனிந்து பார்த்தால் போதும். கறுப்பு ரப்பர் பலூனுக்குப் பக்கத்திலேயே, தூசி அப்பிய மெல்லிய இரும்புக் குழாய் ஒன்று சாய்ந்து நிற்கும். அதுதான் ஷாக் அப்சர்பர். பலூன் தூக்குகிறது, குழாய் அடக்குகிறது. பஸ்ஸில் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் இரண்டும் பைக்கில் ஒரே குழாய்க்குள் ஒளிந்திருப்பதால்தான் குழப்பம்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: “காற்று அடித்ததும் வண்டி நிஜமாகவே நன்றாகப் போகிறதே!” போகும்தான். பின்னால் ஆள் ஏறி, இரண்டு பெட்டியிலும் சாமான் ஏறினால் வண்டி அமிழும். ஸ்பீடு பிரேக்கரில் ‘டொக்’கென்று அடி வாங்கும். காற்று ஏற்றினால் வண்டி நிமிரும், அந்த அடி நிற்கும். ஏர் ஷாக் இருப்பதே இதற்காகத்தான். ஆனால் ஆயில் கெட்டோ கசிந்தோ போயிருந்தால், காற்று ஏற்றுவது நிலைமையை மோசமாக்கும். ஸ்பிரிங் விறைத்தால் அதை அடக்க இன்னும் வலுவான பிடி வேண்டும். இருக்கிற பிடியோ முன்பே தளர்ந்தது. தேசிய நெடுஞ்சாலை 16-இல் வேகமாகப் போகையில், பாலத்து இணைப்பு ஒன்றைத் தாண்டியபின் பின்பக்கம் ஒரு முறை அமிழ்ந்து எழுந்து நின்றால் ஆயில் வேலை செய்கிறது. மூன்று நான்கு முறை ஆடினால் பவுண்டு கூட்டிப் பயனில்லை, ஷாக்கைக் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றிய இடத்தில் அடுத்த நம்பிக்கை வருகிறது: கொஞ்சம் கூடுதலாக ஆயில் ஊற்றினால் நல்லது. இது ஆபத்தான தாராளம். ஆயில் அமுங்காது, காற்றுதான் அமுங்கும். ஆயில் கூடக் கூடக் காற்றுக்கு இடம் குறையும். கணக்குக்காக, ஷாக் முழுதாக நீண்டிருக்கும்போது உள்ளே 100 மில்லி காற்று, 30 பவுண்டில் இருப்பதாக வைப்போம். அமுங்கும்போது அந்த இடம் 50 மில்லி ஆகிறது. விஞ்ஞானி பாயில் 1662-ல் சொன்ன விதிப்படி, வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால், கேஜ் சுமார் 75 பவுண்டு காட்டும். இப்போது 20 மில்லி ஆயிலைக் கூடுதலாக ஊற்றுவோம். 80 மில்லி காற்று 30 மில்லிக்குள் நெருங்க வேண்டும். கேஜ் 104-ஐத் தாண்டும். புதிதாகப் போட்ட சீல் ஏன் ஒரே மாதத்தில் கக்குகிறது என்பதற்குப் பலமுறை இதுவே விடை. கம்பெனி கையேட்டில் சொன்ன அளவை அளவுக் குடுவையில் அளந்துதான் ஊற்ற வேண்டும்.

சீல் கக்க இன்னொரு காரணம் ராடு. குரோம் பூசிய ராடின் மேல் விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. எங்காவது நகம் தட்டினால், அந்தப் புள்ளி ஒவ்வொரு ஆட்டத்திலும் சீலின் உதட்டைச் சுரண்டும். அங்கே எவ்வளவு உயர்ந்த சீல் போட்டாலும் காசு வீண்தான். ஹார்ட் குரோம் போட்டுச் சாணை பிடிக்க வேண்டும், இல்லையேல் ராடையே மாற்ற வேண்டும்.

காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடித்தால் நல்லது என்ற நம்பிக்கைக்கு அதிக இடம் தேவையில்லை. சாதாரணக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். காலை 30 டிகிரியில் 30 பவுண்டு இருந்தால், ஓடி 50 டிகிரி ஆகும்போது இரண்டுமே ஏறக்குறைய 33 பவுண்டு காட்டும். பல்சரின் ‘நைட்ராக்ஸ்’ ஷாக்கைக் காட்டி வாதாடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே பாரம் தாங்குவது இரும்புச் சுருள். வாயுவின் வேலை ஆயில் நுரைக்காமல் அமுக்கி வைப்பது. ஏர் ஷாக்கில் நைட்ரஜனுக்கு ஒரே ஒரு நன்மை உண்டு, அதில் ஈரம் இல்லை. அந்த நன்மையை உலர்ந்த காற்றிலும் பெறலாம்.

ஈரம் என்றதும் பஞ்சர் கடைக் கம்ப்ரசர் நினைவுக்கு வருகிறது. டாங்கின் அடியில் தேங்கும் தண்ணீர் குழாய் வழியே ஷாக்குக்குள் போகும் என்பது ஒரு குறை. பெரிய குறை வேகம். டயருக்குள் இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் ஷாக்குக்குள் இருப்பது ஒரு சிட்டிகை. லாரி டயருக்கு 100 பவுண்டுக்கு மேல் தள்ளுகிற குழாயை இதில் வைத்தால், கேஜைப் பார்ப்பதற்குள் சீல் பிதுங்கிவிடும். கேஜை வைத்து எடுக்கும்போது கேட்கும் அந்த ‘புஸ்’ஸிலேயே சில பவுண்டு போய்விடும். அதனால் காற்று தப்பாமல் கழலும் முனை கொண்ட கைப்பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

“எதற்கு இந்தப் பாடு, சுருள் ஷாக்கே போட்டுவிடலாமே” என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ராடு அரித்து, குரோம் போடும் செலவும் மிஞ்சிப்போனால் அதுவே புத்திசாலித்தனம். ஆனால் ஒரு நாள் தனியாகவும் மறுநாள் பின்னால் ஆளும் பெட்டி நிறையச் சாமானுமாகப் போகிறவருக்குக் காற்றுதான் வசதி. ஒரு சீலுக்கோ ஓ-ரிங்குக்கோ பயந்து அதை இழக்க வேண்டியதில்லை. மறுசீரமைத்த ஷாக்கை மாட்டியபின் வால்விலும் குழாய் இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். ஓர் இரவு விட்டு மறுநாள் கேஜ் வையுங்கள். காற்றை இறக்கும்போது வால்வு ஊசியை மெல்ல அழுத்தி, வால்வின் வாயில் ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றோடு சேர்ந்து ஆயில் தூறல் வரும். அது போய் விழுகிற இடம் பின் டயரும் பிரேக் டிஸ்கும்.