கடவுச்சொல் கசிந்ததா?

ரயில்வே ஒற்றைப் பாதையில் நீல் பந்து டோக்கன் உண்டு. ஒரு செக்‌ஷன் பந்து அடுத்த செக்‌ஷன் கருவிக்குள் நுழையாது. நம் வீடுகளிலோ மளிகைக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே பாஸ்வேர்டு! 2020-ல் பிக்பாஸ்கெட்டில் 2 கோடிப் பேர் விவரங்கள் கசிந்தன.

ஆஸ்திரேலியரான டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியை இட்டால், எந்தெந்தக் கசிவில் அது அகப்பட்டது என்று காட்டும். கட்டணமில்லை.

அகப்பட்டிருந்தால் முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளில் 'மறந்துவிட்டது' என்று சொன்னால், மாற்றுவதற்கான இணைப்பு பெரும்பாலும் அங்கேதான் வரும். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போடுங்கள். பிறகு கடைக் கணக்குகளுக்குத் தனித்தனிப் பாஸ்வேர்டு. நினைவில் நிற்காதா? நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டுங்கள். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இணையத் திருடன் பீரோவைத் திறக்க வரமாட்டான்.